நாலரைக் கட்டையில் ஒரு பாட்டு

அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் "உருகி உருகி எழுதியிருக்கிறான்" என்று கிளம்பி வரக்கூடாது. மொத்தமே ஐந்து சுரம். நாலு சரணம். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை பாட வேண்டும், முதல் தடவையில் புரியாத அளவுக்கு அதில் ஒன்றும் கிடையாது என்றாலும். ஒரு ஆறு இருக்கிறது. அதைக் கடக்க வேண்டும். முதல் சரணத்தில் கடவுளே என் கையைப் பிடித்துக்கொள் என்கிறார்கள், இரண்டாவதில் விட்டுவிடாதே என்கிறார்கள், மூன்றாவதில் இன்னும் இறுக்கிப் பிடி என்கிறார்கள், நாலாவதில் கரை சேர்ந்துவிடுகிறார்கள். எழுதியவர் யாரோ ஒரு வெள்ளைக்கார மிஷனரி என்பார்கள். தமிழில் கொண்டுவந்தவர் பெயரைப் பாட்டுப் புத்தகத்தில் போடவில்லை. வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஆறு என்றால் மருதையாறு. அதில் தண்ணீர் ஓடாது என்று நான் சொல்லவில்லை. மழைக்காலத்தில் நாலு நாள் ஓடும், மீதி நாளெல்லாம் சீமைக் கருவேல முள்தான். தா.பழூர்க்காரர்களாவது கொள்ளிடத்தைப் பார்த்தவர்கள். அவர்கள் அக்கரை, இக்கரை என்று பாடினால் ஒரு நியாயம் இருக்கிறது. ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலையைச் சுற்றிக் குடியிருக்கும் எங்கள் சபை ஜனங்கள், சுண்ணாம்புக்கல் லாரி கிளப்பும் புழுதியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, வெள்ளம் வருகிறது கையைப் பிடி என்று பாடுகிறார்கள். அவர்களுக்குக் கை தேவைப்படுவது ரோட்டைக் கடப்பதற்குத்தான்.

அதை எப்போது பாடுவது என்று ஒரு கணக்கே கிடையாது. கல்யாணத்துக்கும் அதுதான். வீடு குடிபோனாலும் அதுதான். ஞானஸ்நானம், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தைய ஞாயிறு, டூர் வேன் கிளம்பும் நேரம், அதே வேன் டயர் பஞ்சராகி நடுவழியில் நிற்கும் நேரம், எல்லாவற்றுக்கும் அதே ஆறு, அதே கை. வேறு பாட்டே இல்லாத மாதிரி நடந்துகொள்வார்கள். புத்தகத்தில் நானூறு பாட்டு இருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும்தான் எண்ணெய் இறங்கி, ஓரம் மடிந்து, கழன்று விழும் நிலையில் இருக்கும். மற்ற பக்கங்களைப் பூச்சி மட்டும் வாசித்திருக்கிறது.

சாவு வீட்டில் கேட்கவே வேண்டாம். பெட்டியைத் தூக்கும்போது அந்தப் பாட்டை எடுத்தாக வேண்டும். எடுக்காமல் பெட்டி நகராது. வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை நடந்துகொண்டே பாடுவார்கள். நாலு சரணம் முடிந்தால் மறுபடி முதல் சரணம். எங்கள் கல்லறைத் தோட்டம் முக்கால் கிலோமீட்டர் தூரம். போகிற வழியில் செத்தவர் நாலைந்து முறை கரை சேர்ந்து, நாலைந்து முறை திரும்பவும் ஆற்றில் இறங்குவார். யாருக்கும் இது உறைத்ததாகத் தெரியவில்லை.

பாட்டை "எடுப்பது" என்றால் என்னவென்று வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டும். வாத்தியம் இல்லாத சபையில் ஒரு ஆள் முதல் அடியைத் தனியாகத் தொடங்குவார். அவர் எந்தச் சுதியில் தொடங்குகிறாரோ அதில்தான் மொத்தச் சபையும் பாடியாக வேண்டும். அவர் மேலே தொடங்கினால் எல்லாரும் மேலே கத்த வேண்டும், கீழே தொடங்கினால் எல்லாரும் கீழே முனக வேண்டும். சாவு வீட்டில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: செத்த வீட்டுக்காரர்கள் எடுக்கக்கூடாது, வெளி வீட்டு ஆள்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். கூடச் சேர்ந்து பாடலாம், தடையில்லை. முப்பது வருஷமாக எங்கள் சபையில் கல்யாணம், சாவு, ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றுக்கும் அந்தப் பாட்டை எடுத்துக் கொடுத்தது என் அக்கா.

நான் பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் பாட்டு வாத்தியார். மேற்கத்திய இசையை முறையாகப் படித்து, எல்லா கிரேடு பரீட்சையும் எழுதித் தேறியவன். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்வதில்லை. எங்கள் சபையில் நான் பாஸ் பண்ணிய பரீட்சைகளைப் பற்றி ஒரே ஒருவர்தான் கேட்டார். அவரும் அதை வைத்துக் கவர்மெண்ட் வேலை கிடைக்குமா என்றுதான் கேட்டார்.

ஒருமுறை பள்ளிக்கு ஸ்பீக்கர் வாங்கப் பெரம்பலூரில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் லப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து கடை வைத்தவர். ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்க்க அங்கிருந்த கீபோர்டை மாட்டி, நான் ஆறு மாதம் உயிரைக் கொடுத்துப் பழகிய ஒரு துண்டை வாசித்தேன். விரல் பறந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

"மாஷா அல்லாஹ், நல்லா வெரல் ஓடுது சார்" என்றார் கடைக்காரர். "சார், ஒங்க ஆளுங்க ஒரு பாட்டு பாடுவாங்கள்ல, ஆத்தக் கடக்குற பாட்டு? அத வாசிங்களேன். துபாய்ல எங்க ரூம்ல அரியலூர்க்காரர் ஒருத்தரு சமைக்கும்போது அதத்தான் பாடுவாரு. அவரு ஊருக்குப் போனப்புறம் எங்களுக்குச் சோறே எறங்கல."

அந்தப் பாட்டு எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கடல் தாண்டியும் போயிருக்கிறது சனியன் என்று வழியெல்லாம் பொருமினேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஆலை பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். சங்கீதம் என்றால் என்ன விலை என்று கேட்பாள். குரல் நல்ல கனமான குரல்தான், ஆனால் சுதி விஷயத்தில் அவளுக்குக் கருணையே கிடையாது. அந்தப் பாட்டை இரண்டு கட்டைச் சுதியில் பாட வேண்டும். அதில் பாடினால் ஆண், பெண் எல்லாருக்கும் சௌகரியமாக இருக்கும். அக்கா நாலரைக் கட்டையில் எடுப்பாள். கீபோர்டை வைத்துச் சரிபார்த்திருக்கிறேன், பிசகாது, ஒவ்வொரு ஞாயிறும் நாலரை. மூன்றாவது அடியில் பாட்டு மேலே ஏறும்போது ஆண்கள் கழுத்து நரம்பு புடைக்கும், பெண்கள் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார்கள், கிழவர்கள் வாயைத் திறந்து வெறும் காற்றை விடுவார்கள். கோயில் ஓட்டில் உட்கார்ந்திருக்கும் புறா பறந்துவிடும். அதைத்தான் அந்த ஜனங்கள் "இன்னிக்கு ஆராதனை நல்லா இருந்துச்சு" என்பார்கள்.

பாடகர் குழுவை நடத்தியவர் ஊர் மாறிப் போனதும் அதை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் பெரம்பலூரிலிருந்து பைக்கில் கீபோர்டைக் கட்டிக்கொண்டு போனேன். எட்டுப் பேரைச் சேர்த்தேன். அதில் மூன்று பேருக்குக் காது இருந்தது. மற்ற ஐந்து பேருக்கும் ஆர்வம் இருந்தது, அது காதைவிடப் பெரிய தொந்தரவு. ஆனாலும் விடவில்லை. அந்த வருஷ அறுப்பின் பண்டிகைக்குத் திருச்சியிலிருந்து பெரிய போதகர் ஐயா ஒருவர் வருகிறார் என்றார்கள். அந்தப் பாட்டை வைத்தே இவர்களுக்குச் சங்கீதம் என்றால் என்னவென்று காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். நாலு குரலாகப் பிரித்து எழுதி, இரண்டு கட்டையில் மூன்று மாதம் பழக்கினேன். குழுவில் எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அறுப்பின் பண்டிகை அன்று பீடத்தைச் சுற்றி வாழைத்தார், பூசணிக்காய், நெல் மூட்டை, காலைக் கட்டிப் போட்ட கோழிகள் எல்லாம் கிடந்தன. ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பது, பிறகு ஏலத்துக்குப் போகும். போதகர் பாட்டு எண்ணைச் சொன்னார். நான் முன்னிசை வாசிக்கத் தொடங்கினேன். மெல்ல, அடக்கமாக, நாலு அடி. இரண்டாவது அடி முடிவதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எடுத்துவிட்டாள். முப்பது வருஷப் பழக்கம். எண்ணைச் சொன்னால் எடுப்பாள். நாலரைக் கட்டை.

சபை மொத்தமும் அவளோடு போய்விட்டது. என் எட்டுப் பேரும் இரண்டு கட்டையா நாலரையா என்று தெரியாமல் என்னைப் பார்த்து முழித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

"கொஞ்சம் நிறுத்துங்க. தெரியாதவங்க பாட்டு எடுக்காதீங்க. இத்தன வருஷமா இந்தப் பாட்டக் கொன்னது போதும்."

எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோழி மட்டும் கொக்கரித்துக்கொண்டிருந்தது. அக்கா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு என் குழு நாலு குரலில், இரண்டு கட்டையில், மூன்று மாதம் பழகியபடி பாடியது. திருச்சி ஐயா பிரமாதம் என்றார். எனக்கு அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

மத்தியானம் சாப்பாடு அக்கா வீட்டில்தான். அவள் என்னிடம் கோபித்திருந்தால் பிழைத்திருப்பேன். மாமா, அதாவது அக்கா புருஷன், டிப்பர் லாரி டிரைவர், சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல் லோடு அடிப்பவர். அவர்கூட என் முகத்தைப் பார்க்காமல் தட்டையே பார்த்துச் சாப்பிட்டார். அக்கா மட்டும் எப்போதும்போல இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றி, "நல்லா இருந்துச்சுடா நீ வாசிச்சது" என்றாள். குத்தலாகச் சொல்கிறாளா என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. நிஜமாகத்தான் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அக்கா கோயிலில் பாடுவதை நிறுத்திவிட்டாள். வருவாள், முதல் ஆளாக வருவாள். எழுந்து நிற்கச் சொன்னால் நிற்பாள், புத்தகத்தைச் சரியான பக்கத்தில் திறந்து பிடித்துக்கொள்வாள். உதடு அசையாது. அந்தப் பாட்டுக்கு மட்டும் இல்லை, எந்தப் பாட்டுக்கும் அசையாது. ஒரு வருஷம் போய் இரண்டாவது வருஷமும் வந்துவிட்டது. கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வாரமும் நான் பார்த்தது அந்த மூடிய வாயைத்தான். எனக்குத் திருச்சி ஐயாவின் பாராட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அவள் மறுபடி பாடினால் போதும் என்று ஆகிவிட்டது. அதை அவளிடம் எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. தப்பு செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் குடும்பத்தில் ஆண்கள் யாருக்கும் வந்ததில்லை.

எனக்குத் தெரிந்த வழியில் முயற்சி செய்தேன். பெரிய எழுத்துப் பாட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "எதுக்குடா, பழசே இருக்குல்ல" என்று வாங்கி அலமாரியில் வைத்தாள். பாடகர் குழுவில் சேர்ந்துகொள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சும்மா ஒரு தடவ பாடிக் காட்டுக்கா, ஒன் குரலு எந்த வரிசைக்கு ஒத்து வரும்னு பாத்துர்றேன்" என்றும் சேர்த்துச் சொன்னேன். முப்பது வருஷம் ஒரு சபையையே பாடவைத்தவளுக்கு நான் பரீட்சை வைக்கப் பார்த்திருக்கிறேன். என்னைப் போல ஒரு முட்டாள் அரியலூர் மாவட்டத்தில் தேடினாலும் கிடைக்க மாட்டான்.

"எனக்கு மாவு ஆட்டணும்டா, நேரம் இல்ல" என்றாள் அக்கா.

இதற்கிடையில் சபையில் பாட்டு ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. ஒழுங்காக என்றால், இரண்டு கட்டையில், தாளம் தப்பாமல், பொணம் மாதிரி. பெண்களுக்குச் சுதி கீழே இருந்ததால் வாய்க்குள்ளேயே முனகினார்கள். ஆண்களுக்குச் சௌகரியமாக இருந்ததால் கொட்டாவி விட்டுக்கொண்டே பாடினார்கள். சபைப் பொருளாளர் ஒருநாள், "சார், பாட்டு என்னமோ படுத்துக்கிட்டே நடக்குற மாதிரி இருக்கு சார்" என்றார். அவருக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். இன்னொன்றையும் பார்த்தேன். அந்தப் பாட்டு தொடங்கியதும் இரண்டு மூன்று பேர் மெல்ல எழுந்து வெளியே போய், செருப்பு கழற்றிப் போடும் இடத்தில் நின்றுகொள்வார்கள். பாட்டு முடிந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே வருவார்கள். ஒழுக்கம் கெட்ட ஜனங்கள், நாலு நிமிஷம் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை என்று திட்டிக்கொண்டேன். அந்த இரண்டு வருஷத்தில் சபையில் இரண்டு சாவு விழுந்தது. இரண்டும் பள்ளிக்கூட நாளில், நான் போகவில்லை, பாட்டை யார் எடுத்தார்கள் என்றும் கேட்கவில்லை.

மூன்றாவது சாவு மாமா.

காலையில் டீ குடித்துவிட்டு நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் பெரம்பலூரிலிருந்து போய்ச் சேர்ந்தபோது பெட்டியில் வைத்துவிட்டிருந்தார்கள். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மகள், தன் புருஷன் வீட்டிலிருந்து வந்தவள், காலடியில் கிடந்தாள். அக்கா அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெட்டி தூக்கும் நேரம் வந்தது. பாட்டை யார் எடுப்பது என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முப்பது வருஷம் எடுத்தவள் இன்றைக்குச் செத்த வீட்டுக்காரி. போதகர் என் பக்கம் திரும்பினார். மைத்துனன் வேறு வீட்டு ஆள், எடுக்கலாம் என்று பொருளாளர் சட்டம் சொன்னார். நான் தலையாட்டினேன். மனசுக்குள் ஒரு அற்பத் திருப்திகூட வந்தது, மறைக்கவில்லை: மாமாவையாவது சரியான சுதியில் அனுப்பி வைப்போம்.

இரண்டு கட்டையில் எடுத்தேன். பெட்டி நகர்ந்தது. ஜனங்கள் என் பின்னால் பாடிக்கொண்டே ரோட்டுக்கு வந்தார்கள். முதல் சரணம் குறை சொல்ல முடியாமல் போனது. ரோட்டில் கல் ஏற்றிய டிப்பர்கள் வரிசையாக ஓரம் கட்டி நின்றிருந்தன, மாமாவோடு ஓட்டிய டிரைவர்கள் இறங்கிப் புழுதியில் நின்றார்கள். அந்த லாரிகளைப் பார்த்ததும் எனக்கு அது ஞாபகம் வந்து தொலைத்தது.

நான் படிக்கிற காலத்தில் அரியலூரில் கீபோர்டு வகுப்புக்கு மாமாதான் டிப்பரில் ஏற்றிக்கொண்டு போய் விடுவார். வகுப்பு நடக்கும் வீட்டுக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொள்வேன். லாரியிலிருந்து, அதுவும் வெள்ளைப் புழுதி படிந்த அந்த மனுஷர் பக்கத்திலிருந்து இறங்குவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வெட்கம். திரும்பி வரும்போது ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "அந்தப் பாட்ட இன்னும் சொல்லிக் குடுக்கலியா மாப்ள?" நான் ஒவ்வொரு தடவையும், "அதெல்லாம் சின்னப் புள்ளைங்க வாசிக்கிறது மாமா" என்பேன். அவர் சிரிப்பார். எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இரண்டு விரலால் வாசிக்கக்கூடிய பாட்டு, ஒரு நாள் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. அவர் வேறு எதையும் என்னிடம் கேட்டதும் இல்லை.

இரண்டாவது சரணத்தில் முதல் அடியிலேயே எனக்குக் குரல் உடைந்துவிட்டது. லேசாக இல்லை. மாடு கத்துவதுபோல ஒரு சத்தம் என் தொண்டையிலிருந்து வந்தது. கீழ்ச் சுதியில் எல்லாரும் முனகிக்கொண்டிருந்ததால் அது தனியாக, பளிச்சென்று, ரோடு முழுக்கக் கேட்டது. பாடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். பெட்டியைத் தூக்கியவர்களும் நின்றார்கள். என்னைப் பார்த்து அக்கா மகள் வீறிட்டாள், அதுவும் தனியாகக் கேட்டது. அத்தனை கண்ணும் அந்தப் பெண்ணையும் என்னையும் பார்த்தன. எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மறுபடி எடுக்க வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது, பாட்டு வரவில்லை. கரை தாண்டாமல் நடுரோட்டில் நிற்கிறது மாமாவின் பெட்டி.

பெட்டிக்குப் பின்னால் நடந்துவந்த அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். என் முழங்கையைப் பிடித்தாள்.

"மேல எடுடா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "கீழ எடுத்தா அழுவுறது தனியாத் தெரியும்."

எடுத்தேன். நாலரைக் கட்டையில் எடுத்தேன், அதற்கும் மேலேகூட இருக்கலாம், சரிபார்க்கக் கீபோர்டா இருந்தது. என் குரலுக்கு அது எட்டாத உயரம், கத்தித்தான் ஆக வேண்டும், கத்தினேன். ஜனங்கள் இரண்டு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தவர்கள்போல அப்படியே அதில் வந்து விழுந்தார்கள். ஆண்கள் கழுத்து புடைத்தது, பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். பெட்டி கிளம்பியது. டிப்பர் டிரைவர்களில் பாதிப் பேர் எங்கள் மதம் இல்லை, அவர்களும் வார்த்தை தெரிந்த இடத்தில் எல்லாம் சேர்ந்துகொண்டார்கள். நான் கல்லறைத் தோட்டம் வரைக்கும் அழுதேன். வாய்விட்டு, மூக்கு ஒழுக, வெட்கமே இல்லாமல் அழுதேன். பக்கத்தில் நடந்த போதகருக்குக்கூடக் கேட்டிருக்காது. அக்கா பாடுகிறாளா என்று காது கொடுத்துப் பார்த்தேன். பரீட்சை எல்லாம் பாஸ் பண்ணிய காது. அந்தச் சத்தத்தில் யார் பாடுகிறார்கள், யார் அழுகிறார்கள் என்று பிரிக்க முடியவில்லை.

இதனால் பாட்டு நல்ல பாட்டாகிவிட்டது என்று நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. அன்றைக்கும் அதே ஐந்து சுரம்தான். கல்லறைத் தோட்டம் போய்ச் சேர்வதற்குள் மாமாவும் மூன்று முறை கரை சேர்ந்து மூன்று முறை திரும்பி வந்தார்.

ஒரு மாதம் கழித்து அக்கா மறுபடி கடையைத் திறந்தாள். ஒரு சனிக்கிழமை காலையில் போனேன். ஆலை பஸ் போய்விட்டிருந்தது, கடையில் கூட்டம் இல்லை. இட்லியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். எனக்கு ஒரு மாதமாக அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"சாவுக்கு மேல எடுக்கச் சொன்ன, சரி. ஞாயித்துக்கெழம எதுக்குக்கா அவ்ளோ மேல எடுப்ப? அன்னிக்கு யாரு சாவுறா?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் மந்தமான பையனை நான் அப்படித்தான் பார்ப்பேன்.

"எழவு வூட்ல அழுவலாம்டா, யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. மத்த நாளு எங்க போயி அழுவுறது? வூட்ல அழுதா வூட்டுக்காரரு கேப்பாரு, ரோட்ல அழுதா ஊரு கேக்கும். ஞாயித்துக்கெழம அந்தப் பாட்டுலதான் எல்லாரும் அழுதுட்டுப் போவாங்க. வார்த்த யோசிக்க வேணாம், ராகம் யோசிக்க வேணாம், வாயி பாட்டுக்குப் பாடும். சத்தமா இருந்தா யாருக்கும் தெரியாது." சட்னியை ஊற்றினாள். "இப்ப செருப்பு வுடுற எடத்துல போயி நின்னு அழுவுறாங்க. பாக்கலியா நீ?"

பார்த்திருந்தேன். ஒழுக்கம் கெட்ட ஜனங்கள் என்றும் சொல்லியிருந்தேன்.

"யாரெல்லாம் அக்கா?"

"அத நான் எதுக்குப் பாக்கணும்? நான் எடுத்துக் குடுப்பேன். அவ்வளவுதான்."

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அன்னிக்கு மைக்குல நான் பேசுனது தப்புக்கா. ரொம்பத் தப்பு. நாளைக்கு நான் கீபோர்டத் தொட மாட்டேன். நீயே எடு."

இரண்டு வருஷமாக வாயில் வராத வார்த்தை. அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகவே தெரியவில்லை. அடுப்புக்குப் போய் இட்லிப் பானை மூடியைத் திறந்து பார்த்தாள், ஆவி முகத்தில் அடித்தது, மூடினாள். அந்தப் பக்கம் திரும்பியபடியே பேசினாள்.

"இனிமே நீயே எடுடா. நான் அழுவணும்."

மறுநாள் போதகர் எண்ணைச் சொன்னதும் கீபோர்டை அணைத்துவிட்டு எழுந்து நின்றேன். நாலரைக் கட்டையில் எடுத்தேன், என் குரலுக்கு எட்டாது என்று தெரிந்தே எடுத்தேன். பாட்டு முடியும்வரை பெண்கள் பக்கம் நான் திரும்பவே இல்லை.